மணி யார் காதில் விழுகிறது?

ஒரு சங்கத்தின் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று அறிய ரொக்கப் புத்தகத்தைப் புரட்டுகிறோம். சரக்குச் சரியாக இருக்கிறதா என்று அறியக் கிடங்கைத் திறந்து எடை போடுகிறோம். அச்சங்கம் தன் அங்கத்தினருடன் சரிவரப் பேசுகிறதா என்று அறிய எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது? இக்கேள்வியை நமக்குள் எழுப்பியவர் மேலதிகாரி எவருமல்லர். தறியில் அமர்ந்து பிழைக்கும் ஒரு மூதாட்டியே.

கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றின் மகாசபைக்கு நாம் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டா. சொல்லப்போவது பல சங்கங்களுக்கும் பொருந்தும். முந்தைய ஆண்டில் அச்சங்கம் அலுவலகத்துக்கென ஒரு தொலைபேசி இணைப்பகம் வாங்கியிருந்தது. பேச்சு வழக்கில் இன்டர்காம் பெட்டி என்கிறோமே, அதுதான். வெளிக்கம்பி இரண்டு, உள்ளிணைப்பு எட்டு. அழைப்போரை வரவேற்க ஒரு பதிவுக் குரலும், காத்திருப்போருக்கு இன்னிசையும் அத்துடன் சேர்ந்து வந்திருந்தன. இப்பொழுது அதற்கு மேலும் சில துணைக் கருவிகள் வாங்க அனுமதி கோரும் தீர்மானம் சபை முன் வைக்கப்பட்டது. தலைவர் மேசைக்குப் பல பொத்தான்கள் கொண்ட ஒரு கருவி, செய்தியைப் பதிந்து வைக்கும் ஓர் அட்டை முதலியன அப்பட்டியலில் இருந்தன.

அப்போது பின்வரிசையிலிருந்து அம்மூதாட்டி எழுந்தார்.

“காசு செலவழித்தது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை, ஐயா. போன மாதம் மூன்று தரம் கூப்பிட்டேன். ஒரு தரம் மணி அடித்து ஓய்ந்தது. ஒரு தரம் ஏதோ எண்ணை அழுத்தச் சொன்னது; நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நின்றுவிட்டது. ஒரு தரம் பாட்டுப் பாடிற்று. நூல் வந்ததா என்ற ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பஸ் ஏறி வந்தேன்; நூல் வரவில்லை என்றீர்கள். அன்றைக்குத் தறி நின்றது, கூலியும் போயிற்று. இன்னும் ஒரு பெட்டி வாங்கினால் நான் கூப்பிடுவது உங்கள் காதில் விழுமா?”

சபையில் சிலர் நகைத்தனர். காரியதரிசி நகைக்கவில்லை. “பெரியம்மா, அந்நேரம் நான் கிடங்கில் நூல் எடை போட்டுக்கொண்டிருந்திருப்பேன். மணி அடித்தது எனக்குக் கேட்டிராது” என்றார். அவர் சொன்னது உண்மை. தொலைபேசி இருந்தது முன்னறையில். அவர் இருந்தது முற்றத்துக்கு அப்பாலுள்ள கிடங்கில்.

இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. முந்தைய ஆய்வின்போது அப்பெட்டிக்குரிய தீர்மானத்தையும், மூன்று விலைப்புள்ளிகளையும், ரசீதையும் பார்த்து, யாவும் ஒழுங்கு என்று கையொப்பமிட்டவர் நாமே. கிடங்கில் நின்றுகொண்டு, மணி கேட்கிறதா என்று நாம் பார்க்கவில்லை. தாள்கள் சரியாக இருந்தன. வேலை சரியாக இல்லை.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

தலைவர் நிதானமுள்ளவர். தீர்மானத்தை வாக்குக்கு விடாமல் ஒத்திவைத்தார். ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பதென்று முடிவாயிற்று. எந்நேரம் அழைப்பு வந்தது, யார் எடுத்தார், எதற்காக அழைத்தார்கள், எடுக்காது போன அழைப்பு எது என்பனவற்றை அதில் குறித்து வந்தனர். எடுக்காது போனவற்றை அறியும் பொருட்டு, அழைத்தவரின் எண்ணைக் காட்டும் சிறுதிரையுள்ள கருவி ஒன்று முன்னறையில் வைக்கப்பட்டது. அதற்கான வசதியைத் தொலைபேசி நிலையத்தார் அந்த இணைப்பில் அளித்திருந்தனர்.

மாத முடிவில் நோட்டுப் புத்தகம் தெளிவாகப் பேசிற்று. தவறிய அழைப்புகளில் பெரும்பாலானவை நூல் வழங்கும் நாட்களிலும், காரியதரிசி கிடங்கில் இருக்கும் பிற்பகல் வேளையிலும் வந்தவை. அழைத்தவர்களின் கேள்விகளும் மிகச் சிலவே: நூல் வந்ததா? கூலி எப்போது? எந்த ரகத்துக்குப் பாவு தருகிறார்கள்? இவ்விவரம் கையில் கிடைத்த பின்னர், எக்கருவி வேண்டும், எது வேண்டா என்பதைக் குறித்து விவாதமே எழவில்லை. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பார்கள். இங்கு அளவுகோலாக அமைந்தது அந்நோட்டுப் புத்தகம்.

செல்பேசி இருக்க இது எதற்கு?

யாவர் பையிலும் செல்பேசி இருக்கும் இக்காலத்தில் அலுவலகத் தொலைபேசிக்கு ஏன் செலவு என்று சில அன்பர்கள் வினவுவர். கேள்வி நியாயமானது. பல சங்கங்களில் காரியதரிசியின் சொந்தச் செல்பேசி எண்ணே சங்கத்தின் எண்ணாக வழங்கி வருகிறது. அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் அந்த எண்ணும் அவருடன் சென்றுவிடுகிறது. அதன்பின் அங்கத்தினர் எவரை அழைப்பது? எண் சங்கத்தினுடையதாக இருத்தல் வேண்டும். எவர் வந்தாலும், எவர் சென்றாலும் அது மாறாதிருத்தல் வேண்டும். கம்பி வழியான இணைப்புக் கிட்டாத ஊரில் சிம் அட்டையைக் கொண்டு இயங்கும் மேசைத் தொலைபேசியையோ, சிம் அட்டையை இணைப்பகத்தோடு சேர்க்கும் துணைக் கருவியையோ பயன்படுத்தலாம். ஆயினும் அந்த சிம் அட்டை சங்கத்தின் பெயரிலேயே பெறப்பட வேண்டும்.

அழைப்பு உரியவரைச் சேராது போவது இத்தொழில் தோன்றிய காலந்தொட்டே உள்ள குறை. 1876-இல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அக்காலத்தில் ஒவ்வோர் அழைப்பையும் நிலையத்தில் இருந்த ஊழியரே கையால் இணைத்தனர். அமெரிக்காவில் ஸ்ட்ரௌஜர் என்பவர் இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் தொழில் செய்து வந்தார். தமக்கு வர வேண்டிய அழைப்புகளை ஊழியர் போட்டிக்காரருக்குத் திருப்புகிறார் என்று ஐயுற்று, ஊழியரின்றித் தானே இணைக்கும் பொறியை அவர் வகுத்தார் என்பர். அதற்கு அவர் காப்புரிமை பெற்றது 1891-இல். இன்று நம் சங்கத்துச் சுவரில் தொங்கும் பெட்டி அப்பொறியின் வழித்தோன்றலே. அவர் அஞ்சியது பிறர் சூழ்ச்சிக்கு. நாம் அஞ்ச வேண்டியதோ நம் கவனக்குறைவுக்கு.

எது முதலில், எது பின்னர்

துணைக் கருவிகள் பலவகை. விற்பவர் யாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கித் தருவார். நம் அனுபவத்தில் அவற்றை வாங்க வேண்டிய வரிசை வருமாறு.

முதலாவது, வெளி மணி. இது விலையில் எளியது; பயனில் பெரியது. நம் நாட்டில் தொலைபேசி மணி 0.4 விநாடி ஒலித்து, 0.2 விநாடி ஓய்ந்து, மீண்டும் 0.4 விநாடி ஒலித்து, 2 விநாடி ஓய்வது வழக்கம். அதாவது 3 விநாடியில் மணி ஒலிப்பது 1 விநாடிக்கும் குறைவே. தறியோசையும் ஆளோசையும் உள்ள இடத்தில் அச்சிறு ஒலி கரைந்துபோகும். ஆகவே கிடங்கிலும் சாயச்சாலையிலும் உரத்த மணி ஒன்றை அமைத்து, அத்துடன் ஒளிர்ந்து அணையும் விளக்கையும் பொருத்துதல் நன்று. செலவை மிச்சப்படுத்த எண்ணி, ஒரே கம்பியில் ஐந்தாறு கருவிகளைப் பக்கவாட்டில் பூட்டுவோர் உண்டு. அவ்விதம் செய்தால் மணியை இயக்கும் மின்சாரம் பல கூறாகப் பிரிந்து, எல்லா மணிகளும் மெலிந்துவிடும்.

இரண்டாவது, மின்னல் காப்பு. வடகிழக்குப் பருவ மழையிலும் கோடை இடிமழையிலும் கருகிப்போன பெட்டிகளை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். வெளிக்கம்பி ஒவ்வொன்றும் பெட்டிக்குள் நுழையுமுன், மிகை மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் சிறு காப்புக் குழல் பூட்டப்பெற வேண்டும். அது திருப்பிவிட மண்ணிணைப்புச் செவ்வையாக இருந்தாலன்றிப் பயனில்லை. உப்பும் கரியும் இட்ட குழியில் தனி மண்ணிணைப்பு அமைத்து, அதன் தடை 5 ஓமுக்கு மேற்படாதபடி அளந்து எழுதி வாங்குக. வேனிலில் அக்குழிக்கு நீர் ஊற்றும் வேலையை ஓர் ஊழியர் பெயரில் எழுதி வையுங்கள். பெயர் எழுதாத வேலையை ஒருவரும் செய்வதில்லை.

மூன்றாவது, மின்கல அடுக்கு, அதாவது பேட்டரி. இதில் காலம் செய்த மாற்றம் ஒன்றை அங்கத்தினர் அறிதல் அவசியம். பழைய செப்புக் கம்பி இணைப்பில், தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாக வந்துகொண்டிருக்கும். ஊரில் மின்சாரம் நின்றாலும் தொலைபேசி பேசும். இப்போது பல ஊர்களில் கண்ணாடி இழை இணைப்பு வந்துவிட்டது. இழை வழியே ஒளி வருமே தவிர மின்சாரம் வராது. சங்கத்திலுள்ள இழைமுனைப் பெட்டிக்கும் இணைப்பகத்துக்கும் நாமே மின்சாரம் அளித்தாக வேண்டும். மின்தடை நேர்ந்தால் தொலைபேசியும் ஊமையாகும். புயல் நாட்களில், அங்கத்தினர் அதிகம் அழைக்கும் அவ்வேளையில், இது பெருங்கேடு. கணக்கு எளியது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் 84 வாட்-மணி ஆற்றல் அடங்கும். 12 வாட் உண்ணும் இழைமுனைப் பெட்டியை அது ஏட்டளவில் 7 மணி நேரம் நடத்த வேண்டும். இழப்பையும் மின்கலத்தின் வயதையும் கழித்து, 4 மணி நேரம் என்று கொள்வதே விவேகம். இணைப்பகம் உண்ணும் அளவையும் இதனோடு கூட்டிக்கொண்டு மின்கலத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது, அழைத்தவர் எண்ணைக் காட்டும் வசதி. ஆளில்லா நேரத்தில் வந்த அழைப்புக்கு நாம் திருப்பி அழைக்க இதுவே துணை. பல இணைப்பகங்களில் இதற்குத் தனி அட்டை செருக வேண்டியிருக்கும். பெட்டியில் காலியான செருகிடம் உண்டா என்று முன்னரே கேட்டுக்கொள்க. ஒரு நிறுவனத்தின் அட்டை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் சேராது. பெட்டி வாங்கும் நாளிலேயே அட்டைகளின் விலையையும் எழுத்தில் பெற்றுவிட்டால், பின்னர் அவர்கள் சொன்னதே விலை என்றாகாது.

ஐந்தாவது, வரவேற்புக் குரலும் காத்திருப்பு இசையும். இவற்றை நாம் வெறுக்கவில்லை; ஆனால் திருந்தியமைக்க வேண்டும். குரல் தமிழில் இருக்கட்டும். மூன்று வழிகளுக்கு மேல் சொல்ல வேண்டா. எண் எதுவும் அழுத்தாதவரின் அழைப்பு, சில விநாடிகளில் தானாகவே ஓர் ஆளிடம் செல்லும்படி அமைக்க வேண்டும். இசைக்குப் பதிலாகச் செய்தியை ஒலிக்கச் செய்யலாம். நூல் வரும் நாள், கூலி வழங்கும் தேதி ஆகியவற்றைக் காரியதரிசி தம் குரலிலேயே பதிந்து வைத்தால், காத்திருக்கும் நேரமே விடையாகிவிடும். விளைபொருள் விற்பனைச் சங்கங்களில் பருத்திக்கும் மஞ்சளுக்கும் நடைபெறும் ஏலத்தின் நாளையும், முந்தைய ஏலத்தில் கிடைத்த விலையையும் இவ்வாறு அறிவித்தால், விவசாயி வண்டிக்கு வாடகை பேசுமுன்பே நிலைமையை அறிவார். பழைய விலையைப் புதியதென்று பாடிக்கொண்டிருந்தால் அது மௌனத்தினும் தீது. நாள்தோறும் மாற்றும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும்.

பல பொத்தான் கருவி, உரையாடலைப் பதியும் கருவி முதலானவை இவற்றுக்கெல்லாம் பின்னரே வருவன. தேவை ஏற்படின் வாங்கலாம், அழகுக்கென்று வாங்கலாகாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

பெட்டியை மழைச்சாரல் படும் சுவரில் மாட்டலாகாது. நூல் பஞ்சு பறக்கும் கிடங்கிலோ, சாய ஆவி வீசும் இடத்திலோ வைத்தலும் கூடாது. பஞ்சு காற்றுத் துளைகளை அடைக்கும். ஆவி உலோக முனைகளை அரிக்கும். தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில், கை எட்டுமிடத்தில் இருத்தல் நலம். தொலைபேசிக் கம்பியையும் விளக்குக் கம்பியையும் ஒரே குழாயில் செலுத்தலாகாது. இரண்டுக்கும் இடையே ஓரடி இடைவெளியாவது வேண்டும். முற்றத்தைக் கடக்கும் கம்பி, ஈரம் புகாத வெளிப்புற வகையாக இருக்கட்டும். கம்பி முனைகள் கூடும் பட்டையில் ஒவ்வோர் இணைப்புக்கும் எண் இட்டு, எந்த எண் எந்த அறைக்கு என்பதை ஒரு தாளில் வரைந்து பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். மணி ஒலிக்கும்போது கம்பியில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்னோட்டம் ஓடும். ஆதலால் ஈரக்கையுடன் முனைகளைத் தொடலாகாது என்பதை ஊழியருக்குச் சொல்லி வைத்தல் அவசியம்.

மற்றொன்று, இரகசிய எண். இணைப்பகத்தின் அமைப்பை மாற்றுவதற்குரிய எண் தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாப் பெட்டிகளுக்கும் ஒன்றாகவே இருப்பதுண்டு. அதை மாற்றாது விட்டால், வெளியிலிருந்து எவரேனும் நம் பெட்டிக்குள் புகுந்து நம் செலவில் பேச இடமுண்டு. பொருத்திய அன்றே அதனை மாற்றி, புதிய எண்ணை உறையிலிட்டு முத்திரை வைத்துத் தலைவரிடம் ஒப்படைத்து, அதனை நிகழ்ச்சிக் குறிப்பில் பதிய வேண்டும்.

பொருத்தியவர் கணக்குத் தீர்க்கக் கேட்கும்போது, மூன்று சோதனைகள் முடியும்வரை தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது முறை. வெளியிலிருந்து அழைத்து, ஒவ்வோர் அறையிலும் மணி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் அழைத்துப் பார்க்க வேண்டும். சபையிலேயே மூத்த அங்கத்தினர் ஒருவரை அழைக்கச் சொல்லி, அவர் எவர் உதவியுமின்றி விடை பெறுகிறாரா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனையே கடினமானது. அதுவே தலையாயதும் ஆகும்.

ஆய்வாளர் என்ன பார்ப்பார்?

இனி எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும் தீர்மானம், விலைப்புள்ளி, ரசீது, தளவாடப் பதிவேட்டில் பதிவு, உத்தரவாதத் தாள், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றை வழக்கம்போல் பார்ப்போம். அவற்றோடு, தவறிய அழைப்புகளின் நோட்டுப் புத்தகத்தையும் கேட்போம். சங்க வாயிலை அடையுமுன் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு முறை அழைத்துப் பார்ப்பதையும் நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம்.

முற்கூறிய சங்கத்துக்கு ஆறு திங்கள் கழித்துச் சென்றபோதும் அவ்வாறே அழைத்தோம். நம் பெயரைச் சொல்லாமல், நூல் வந்ததா என்று மட்டும் கேட்டோம். கிடங்கிலிருந்தே காரியதரிசி எடுத்து, எந்த ரக நூல் வந்துள்ளது, எது வரவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். தலைவர் மேசைக்கென்று எண்ணியிருந்த பொத்தான் கருவி வாங்கப்படவே இல்லை. அத்தொகையின் ஒரு பகுதியில் மணியும், மண்ணிணைப்பும், மின்கலமும் அமைந்துவிட்டன. இன்னிசை போய், நூல் வரும் நாளைச் சொல்லும் குரல் வந்திருந்தது.

குறை ஏதும் இல்லையோவெனில், இருந்தது. சாயச்சாலையில் பொருத்திய விளக்கு அணைந்து கிடந்தது; எத்தனை நாளாக என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனை நம் குறிப்பில் எழுதினோம். மறுநாளே மாற்றிவிட்டதாகக் காரியதரிசி தெரிவித்தார். எக்கருவியும் பூட்டிய நாளோடு முடிந்துவிடுவதில்லை.

புறப்படுகையில் அம்மூதாட்டி கூலிக்காக வரிசையில் நின்றிருந்தார். தொலைபேசி எப்படி இருக்கிறது, அம்மா, என்று வினவினோம். “இப்போது கூப்பிட்டால் எடுக்கிறார்கள், ஐயா. எடுக்காவிட்டால் அவர்களே கூப்பிடுகிறார்கள்” என்றார். பிறகு சிறிது யோசித்து, “நூல்தான் இன்னும் நேரத்துக்கு வருவதில்லை” என்றார்.

அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். ஆயினும், நூல் வராத செய்தியை வீட்டிலிருந்தபடியே அறிந்து, அந்நாளை வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணம். அதில் வாங்கும் எந்தப் பெட்டியும், எந்த அட்டையும், எந்த மணியும் முதலில் அவர் அழைப்புக்கு விடை தருதல் வேண்டும். அடுத்த மகாசபையில் இத்தகைய தீர்மானம் வரும்போது, அங்கத்தினர்களே, விலையைக் கேளுங்கள். அத்துடன், மணி யார் காதில் விழும் என்பதையும் தவறாது கேளுங்கள்.